பெயரும் பட்டப்பெயரும்

நமது கல்லூரி விழா மலருக்குக் கட்டுரை ஒன்று எழுதியனுப்புமாறு மலர்க்குழுவினர் கேட்டபொழுது, எப்பொருளைப்பற்றி எழுதுவதென்று நான் நெடுநேரம் சிந்திக்க நேரவில்லை. அக்கிழமையில் என் வீட்டுக்கு வந்த இரண்டு கடிதங்கள் பொருளைத் தாமே கொண்டுவந்து தந்துவிட்டன.

முதற்கடிதம் கொழும்பிலிருக்கும் என் மகன் எழுதியது. அவனுக்கு ஆண்மகவு பிறந்து பத்து நாள். "ஐயா, பிள்ளைக்கு நீங்கள்தான் பெயர் தெரிந்து தரவேண்டும். பழந்தமிழ்ப் பெயராய் இருக்கட்டும், ஆனால் வகுப்புக்கு மூவர் வைத்திருக்கும் பெயராய் இருத்தலாகாது" என்பது அவன் வேண்டுகோள். இரண்டாவது, என்னோடு படித்த நண்பர் ஒருவர் எழுதியது. நம் காலத்து மாணவர், ஆசிரியர் அனைவருடைய பட்டப்பெயர்களையும் திரட்டி மலரிலே இரண்டு பக்கம் வெளியிட்டால் மிகவும் சுவையாயிருக்கும் என்றும், அப்பட்டங்களுட் பலவற்றைத் தெளித்தவன் நானாதலின் பட்டியலை நானே எழுதித் தரவேண்டும் என்றும் அவர் கேட்டிருந்தார்.

முதற்கடிதம் மகிழ்ச்சி தந்தது. இரண்டாவது உறக்கத்தைக் கெடுத்தது. இரண்டும் வெவ்வேறு செய்திகள்போலத் தோன்றினும் உண்மையில் ஒன்றே. பெற்றோர் ஒரு பெயரை இடுகின்றனர். ஊரும் பள்ளியும் மற்றொரு பெயரை இடுகின்றன. இவ்விரண்டில் எது நிலைக்கவேண்டும், அதற்கு யார் பொறுப்பு என்பதே நான் ஆராய விரும்புவது.

பவணந்தி முனிவர் நன்னூலிலே பெயர்களை இடுகுறி என்றும் காரணம் என்றும் வகுத்துக் கூறினார். மண், மரம் என்பன இடுகுறி. பறவை, நாற்காலி என்பன காரணம் என்று வகுப்பிலே நாம் படித்தோம். பெற்றோர் இடும் பெயர், அவர்களளவில் எவ்வளவு காரணமுடையதாயினும், பிள்ளையின் வயதொத்த சிறுவர்களுக்கு வெறும் இடுகுறியே. பட்டப்பெயரோ எனின் முழுவதும் காரணப்பெயர். நெட்டையனை நெட்டை என்றும், திக்கிப் பேசுபவனைத் திக்குவாய் என்றும் அழைக்கும்போது காரணம் கேட்போருக்கு உடனே விளங்கிவிடுகிறது. பட்டம் பசைபோல ஒட்டிக்கொள்வதற்கும் இட்டபெயர் மறைந்துபோவதற்கும் இதுவே ஏது.

நம் முன்னோர் பெயரிட்ட முறையிலே ஒரு நேர்மை இருந்தது. பாட்டனின் பெயரைப் பெயரனுக்கு இட்டனர். பெயரைத் தாங்குபவனாதலின் அவன் பெயரன். அதுவே பேரன் என மருவிற்று. ஆனால், மாமனாரின் பெயரை மருமகள் வாயாற் சொல்லாத வழக்கமும் உடனிருந்தது. ஆகவே, தொட்டிலிற் கிடக்கும் பிள்ளையைத் தாய் அழைப்பதற்கு வேறொரு பெயர் வேண்டியதாயிற்று. தம்பி, ராசா, சின்னவன், குஞ்சு என வீட்டுப்பெயர்கள் இவ்வாறு பெருகின. இவை அன்பினாலும் மரியாதையினாலும் பிறந்தவை. எழுபது வயதுக் கிழவரை அவருடைய அக்கா "குஞ்சு" என்று அழைக்க, அவர் "ஓம் அக்கா" என்று எழுந்து செல்வதை நான் கண்டிருக்கிறேன். அப்பெயரால் அவர் ஒருநாளும் சிறுமைப்பட்டதில்லை.

பின்னர் நட்சத்திர எழுத்தும் எண்சாத்திரமும் பெயரிடுதலை ஆளத்தொடங்கின. பூரத்திற் பிறந்த பிள்ளைக்கு மோ, ட, டி, டு என்பவற்றுள் ஒன்று முதலெழுத்தாதல் வேண்டுமெனப் பஞ்சாங்கம் கூறுகிறது. டகரமோ தமிழ்ச்சொல்லுக்கு முதலாகாது என்பது இலக்கணம். பஞ்சாங்கமும் வேண்டும், இலக்கணம் வேண்டாம் என்று துணிந்தவர்கள், பொருள் இன்னதென்று தமக்கே தெரியாத பெயர்களைப் பிள்ளைகளுக்கு இட்டார்கள். பெயரின் பொருளைக் கேட்டால், "கூட்டுத்தொகை நல்லது" என்பார்கள். கூட்டுத்தொகையைப் பற்றிக்கொண்டு ஒரு பிள்ளை தலைநிமிர்ந்து நிற்கமுடியுமா என்பதை அவர்கள் எண்ணவில்லை.

ஆதலின் என் மகனின் விருப்பம் எனக்கு உவப்பாயிருந்தது. சங்கநூல்களை எடுத்துவைத்துக்கொண்டு இரண்டு நாள் இருந்தேன். கீரன், பரணன், வளவன், நன்னன், அதியன், கிள்ளி, ஆதன், சாத்தன் என எத்தனை பெயர்கள்! 2019 ஆம் ஆண்டு வெளியான கீழடி அகழாய்வு அறிக்கையிலே, பானையோடுகளிற் கீறப்பட்ட ஆதன், குவிரன் என்னும் பெயர்கள் காட்டப்பட்டுள்ளன. தன் பானையிலே தன் பெயரைக் கீறிவைத்த ஒருவன், ஈராயிரம் ஆண்டுக்குமேல் மண்ணுட் கிடந்தும் பெயரை இழந்திலன்.

இறுதியில் என் மனம் பூதன்தேவன் என்னும் பெயரிலே நின்றது. ஈழத்துப் பூதன்தேவனார் பாடியனவாக அகநானூற்றில் மூன்றும், குறுந்தொகையில் மூன்றும், நற்றிணையில் ஒன்றுமாக ஏழு பாடல்கள் உள்ளன. சங்கப்புலவர் வரிசையில் ஈழம் என்னும் அடையோடு நிற்பவர் அவர். இதனினும் சிறந்த பெயர் ஈழத்துப் பிள்ளைக்கு ஏது என்று எண்ணி, மகனுக்குத் தொலைபேசியிற் கூறினேன். மறுமுனையிற் சற்றுநேரம் பேச்சில்லை. பிறகு மருமகள் பேசினாள். "மாமா, நல்ல பெயர்தான். ஆனால், பள்ளிக்கூடத்தில் முதல்நாளே பிள்ளையைப் பூதம் என்பார்களே" என்றாள்.

நான் விடை கூறவில்லை. கூறமுடியாமைக்கு ஒரு காரணம் உண்டு. அதனைப் பின்னர்ச் சொல்வேன்.

பட்டப்பெயர் இருவழியாற் பிறக்கிறது. பெயர் மிகவும் பொதுவாயிருந்தால் ஒருவழி. மிகவும் அருகியதாயிருந்தால் மற்றொரு வழி. ஒரு வகுப்பிலே மூன்று சிவகுமாரன் இருந்தால், ஒருவன் நெட்டைச் சிவகுமாரன், ஒருவன் கட்டைச் சிவகுமாரன், ஒருவன் கண்ணாடிச் சிவகுமாரன் ஆகின்றான். சில மாதங்களிற் சிவகுமாரன் உதிர்ந்துபோக, அடைமொழி மட்டும் எஞ்சுகிறது. அரிய பெயருக்கு இந்த இடர் இல்லை. ஆனால், அதன் புதுமையே சிறுவர் வாய்க்கு அவலாகிவிடுகிறது. கீரனைக் கீரை என்பர். கிள்ளி என்றால் ஓடிவந்து கிள்ளிவிட்டுப் போவர். ஆகவே, அரிய பழம்பெயரைத் தேடும் பெற்றோர் நான்கு சோதனைகளைச் செய்தபின் துணிதல் நன்று.

முதலாவது, பொருட்சோதனை. பெயர் யாருடையது, அவர் செய்தது யாது என்பதைப் பிள்ளைக்கு இரண்டு வாக்கியத்திற் சொல்லக்கூடியதாய் இருத்தல் வேண்டும். அகராதியையும் ஒருமுறை புரட்டிப் பார்த்தல் தகும். செல்வக்கடுங்கோ வாழியாதன் என்ற சேரமன்னன் பெயரிலே விளங்கும் ஆதன் என்னும் சொல்லுக்கு, அறிவில்லாதவன் என்னும் பொருளும் அகராதியில் ஏறியுள்ளது. அதனால் அப்பெயரை விலக்கவேண்டுமென்பதில்லை, அறிந்து இடவேண்டும்.

இரண்டாவது, ஒலிச்சோதனை. ஒழுங்கையிலே விளையாடும் பிள்ளையைப் பாட்டி படலையில் நின்று ஒரே மூச்சில் கூப்பிடக்கூடிய பெயரா என்று பாருங்கள். பெயரை நாம் நீட்டினால் ஊர் அதனை வெட்டும். எந்த இடத்தில் வெட்டும் என்பது நம் கையில் இல்லை. நெடுஞ்சேரலாதன் என்று இட்டுவிட்டு, அவனை நெடு என்று அழைக்கிறார்களே என நொந்து பயனில்லை. வெட்டவேண்டிய இடத்தைப் பெற்றோரே தீர்மானித்துவிடின், அச்சுருக்கமும் அவர்கள் இட்ட பெயரேயாகும்.

மூன்றாவது, எழுத்துச்சோதனை. 1951 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின்கீழ்ப் பதியப்படும் பெயரே அடையாள அட்டைக்கும் கடவுச்சீட்டுக்கும் அடிப்படையாகிறது. ழகரமும் றகரமும் சிங்கள நெடுங்கணக்கில் இல்லை. ஆங்கிலத்திலோ ழகரத்துக்கு இரண்டு எழுத்துக்களைச் சேர்த்து எழுதுகிறோம். அதனைப் படிப்பவர் செழியனைச் செசியன் ஆக்கிவிடுகிறார். ழகரத்தை விடுங்கள் என்று நான் சொல்லவில்லை. தமிழுக்கு அது அணி. ஆனால், ஆங்கிலத்தில் எவ்வாறு எழுதுவதென்பதைப் பதிவுகாரரின் மேசைமுன் நின்று யோசியாமல், வீட்டிலே தீர்மானித்து, எல்லாப் பத்திரங்களிலும் ஒரேவிதமாய் எழுதவேண்டும். ஓரெழுத்து மாறினால், பிள்ளை வளர்ந்தபின் சத்தியக்கடதாசியோடு கந்தோர் கந்தோராய் ஏறி இறங்கவேண்டி வரும்.

நான்காவது, பகிடிச்சோதனை. இதற்குப் பெற்றோரும் புலவரும் தகுதியற்றவர்கள். பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனிடம் பெயரைச் சொல்லி, இதற்கு என்ன பட்டம் தெளிப்பாய் என்று கேளுங்கள். அரை நிமிடத்தில் விடை வரும். அவ்விடையைக் கேட்டு, அது தாங்கத்தக்கதா என்று எண்ணித் துணியுங்கள். எனினும், பகிடிக்கு அஞ்சியே பெயரிடுவோமாயின் உலகிற் பெயரே மிஞ்சாது. திரிக்கமுடியாத பெயர் என ஒன்று இல்லை என்பதைத் திரிப்பதிலே தேர்ந்தவன் ஒருவனே இங்கு எழுதுகிறான்.

இனி, முன்னர் நிறுத்திவைத்த செய்தியைச் சொல்லுகிறேன். 1961 ஆம் ஆண்டு நான் ஏழாம் வகுப்பில் இருந்தேன். அவ்வாண்டின் தொடக்கத்திலே வேற்றூரிலிருந்து ஒரு மாணவன் எங்கள் வகுப்புக்கு வந்தான். அவன் பெயர் கபிலன். இன்று அது பலர் வைத்திருக்கும் பெயர். அன்று எங்கள் பகுதியில் வேறொருவருக்கும் இருந்ததாக நான் அறியேன். அவனுடைய தகப்பனார் ஒரு சிறிய பாடசாலையில் உபாத்தியாயர். குறிஞ்சிப்பாட்டுப் பாடிய கபிலரிடத்தும், பாரி இறந்தபின் அவன் மகளிரைக் காத்துநின்ற அப்புலவரின் நட்பினிடத்தும் கொண்ட பற்றினால் மகனுக்கு அப்பெயரை இட்டவர். இதனை அவனே முதல்நாள் ஆசிரியர் கேட்டபோது எழுந்துநின்று பெருமிதத்தோடு சொன்னான். அந்தப் பெருமிதந்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

நான் வீட்டிலே பாட்டனாரிடம் நிகண்டு படித்துக்கொண்டிருந்தவன். கபி என்றால் குரங்கு என்பது எனக்குத் தெரியும். மறுநாள் இடைவேளையில் அதனை வகுப்பிலே விளக்கினேன். நான் கற்ற தமிழ் பிறருக்குப் பயன்பட்ட முதற் சந்தர்ப்பம் அது என்று சொல்ல வெட்கப்படுகிறேன். அன்று மாலைக்குள் அவன் கபி. கிழமை முடிவதற்குள் குரங்கு. இடாப்புக் கூப்பிடும்போது அவன் பெயர் வந்ததும் பின்வாங்கிலிருந்து குரங்கின் குரல் எழும். ஆசிரியர் ஒருவர் அதனைக் கேட்டுத் தாமும் சிரித்தார். அந்தச் சிரிப்போடு பட்டம் பதிவாகிவிட்டது. சிலகாலம் கழித்து அவன் தன் அப்பியாசக் கொப்பிகளில் முழுப்பெயரை எழுதுவதை விட்டு, முதலெழுத்துக்களை மட்டும் எழுதலானான். நாங்கள் அதனைக் கவனித்தோம், அதற்கும் சிரித்தோம்.

2006 ஆம் ஆண்டு வெள்ளவத்தையில் ஒரு கலியாண வீட்டில் அவரைக் கண்டேன். நாற்பத்தைந்து ஆண்டுகள் கழிந்திருந்தன. உண்மையான மகிழ்ச்சியோடு, கூட்டத்துக்கு அப்பாலிருந்து பழைய பட்டத்தைச் சொல்லிக் கூவினேன். அவர் பக்கத்தில் அவருடைய மகனும் மருமகளும் நின்றார்கள். அவர் முகம் மாறிற்று. அருகே சென்று கைபற்றியபோது, கோபமின்றி, மெல்லிய குரலில், "ஐயா எனக்கு இட்ட பெயரால் நீ என்னை ஒருநாளாவது கூப்பிட்டதில்லையே" என்றார். நான் எண்ணிப்பார்த்தேன்; உண்மை. எங்கள் வகுப்பினர் கூடும் ஒன்றுகூடல்களுக்கு அவர் ஏன் ஒருமுறையேனும் வந்ததில்லை என்பதும் அப்பொழுதுதான் எனக்கு விளங்கிற்று. மன்னிப்புக் கேட்டேன். "சிறுபிள்ளை வேலை" என்று சொல்லி அவர் வேறு பேச்செடுத்தார். சிறுபிள்ளைகள் செய்தது சரி. ஐம்பத்தெட்டு வயதில் நான் கூவியதற்கு அந்தச் சமாதானம் பொருந்துமா?

பட்டியல் கேட்ட நண்பருக்கு இதனை எழுதினேன். அவர் கற்றவர், தக்க விடை எழுதினார். "சங்கப்புலவருள் ஐயூர் முடவனார் இல்லையா? நரிவெரூஉத்தலையார் இல்லையா? கழாத்தலையார் இல்லையா? உடற்குறையையும் தோற்றத்தையும் சொல்லி அழைத்ததை நம் முன்னோர் இழிவென்று கருதவில்லை. நீ வீணாய் மனம் வருந்துகிறாய்" என்பது அவர் வாதம்.

வாதம் வலியதுதான். எனினும் இரண்டு செய்திகளை அவர் மறந்தார். ஒன்று, அப்பெயர்களின் இறுதியில் நிற்கும் ஆர் விகுதி. முடவன் என்று அவரை இகழ்ந்தவர் யாரோ. முடவனார் என்று போற்றி எழுதியது ஏடு. மற்றொன்று, சீத்தலைச் சாத்தனார் கதை. பிழையான பாட்டைக் கேட்குந்தோறும் எழுத்தாணியால் தலையிற் குத்தியதனால் சீழ்ப்பிடித்த தலையர் என ஒரு கதை வழங்கிவந்தது. சீத்தலை என்பது ஊர்ப்பெயர் என ஆராய்ச்சியாளர் பின்னர் எடுத்துக்காட்டினர். ஒரு புலவரின் ஊரையே மறைத்து, புண்ணை முன்னிறுத்தியது அந்தக் காரணக்கதை. அப்புலவர்கள் தம் பெயரைக் கேட்டு மகிழ்ந்தனரா, நொந்தனரா என்று இன்று நாம் அவர்களைக் கேட்கமுடியாது. என்னோடு படித்தவரைக் கேட்கமுடியும். கேட்டேன், அவர் விடை கூறிவிட்டார்.

பட்டப்பெயரெல்லாம் தீதென்று நான் சொல்லவில்லை. செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், மீனெறி தூண்டிலார் என்பன யாவை? இயற்பெயர் மறைந்துபோக, அவரவர் பாட்டிலே ஒளிர்ந்த தொடரைக்கொண்டு தமிழுலகம் இட்ட பட்டங்கள் அல்லவா? யாழ்ப்பாணத்து ஆறுமுகம் என்பவருக்கு 1849 ஆம் ஆண்டு திருவாவடுதுறை ஆதீனம் அளித்த நாவலர் என்னும் பட்டம், இன்று தனித்து நின்றே அவரைக் குறிக்கிறது. ஒருவன் செய்தவற்றுட் சிறந்ததைப் பற்றிப் பிறக்கும் பட்டம் அவனை உயர்த்துகிறது. அவனிடமுள்ள குறையைப் பற்றிப் பிறப்பது அவனைக் குறையாகவே ஆக்கிவிடுகிறது. நம் வகுப்புப் பட்டங்களை இந்த உரைகல்லில் உரைத்துப் பார்த்தேன். நூற்றுக்கு எத்தனை தேறும் என்பதை வாசகர் தத்தம் நினைவிலே உரைத்துப் பார்த்துக்கொள்க.

பெற்றோருக்கு ஒன்று சொல்வேன். அரிய பெயரை இட்டதோடு உங்கள் கடமை முடிந்துவிடாது. இடுகுறியாய்க் கிடக்கும் அப்பெயருக்குக் காரணத்தைப் பிள்ளையின் உள்ளத்திலே ஏற்றுங்கள். கதையைச் சிறுவயதிலேயே சொல்லுங்கள், ஒருமுறையன்று, பலமுறை. நீங்களே வீட்டில் முழுப்பெயரால் அழையுங்கள். பிள்ளை வளர்ந்தபின், வேண்டாமென்று அவன் சொல்லும் வீட்டுப்பெயரை விருந்தினர்முன் வழங்காதீர்கள். பட்டம் தெளிக்கிறார்கள் என்று அவன் அழுதுகொண்டு வந்தால், "பகிடியைப் பெரிதுபடுத்தாதே" என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். யார், எப்போது, எவ்வாறு என்று கேளுங்கள்.

மாணவருக்குச் சொல்வது இது. பட்டத்துக்கு உணவு, அதற்குக் கிடைக்கும் விடை. கோபித்தாலும் அது வளரும். அசட்டுச் சிரிப்புச் சிரித்தாலும் வளரும். அப்பெயரால் அழைக்கும்போது திரும்பாதீர்கள். உங்கள் பெயரால் அழைத்தவுடன் மலர்ந்த முகத்தோடு திரும்புங்கள். எதிர்ப்பட்டம் தெளிக்காதீர்கள், அது விளையாட்டைத் தொடரச் சம்மதித்ததாகும். அதிகம் தெளிப்பவனைத் தனியே கண்டு, "எனக்கு இது பிடிக்கவில்லை" என்று ஒருமுறை தெளிவாகச் சொல்லுங்கள். கபிலன் என்னிடம் அன்று அவ்வாறு சொல்லியிருந்தால் நான் நிறுத்தியிருப்பேனா என்று எனக்கே உறுதியில்லை. ஆயினும், எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பும் வழி எனக்கு அடைபட்டிருக்கும். பட்டம் தெளிப்பவர்க்கும் ஓர் அளவுகோல் தருகிறேன். அவனுடைய தாயின் முன்னிலையில், அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அப்பெயரைச் சொல்ல உங்களால் இயலுமா? இயலுமாயின் அது நட்பு, இயலாதாயின் விட்டுவிடுங்கள்.

எல்லாவற்றினும் முதன்மையான பொறுப்பு ஆசிரியருடையது. இடாப்பிலுள்ள பெயரை அவர் திருத்தமாகவும் மரியாதையாகவும் உச்சரிப்பாராயின், வகுப்பு அதனைக் கற்றுக்கொள்ளும். அவர் ஒருமுறை சிரித்தால் வகுப்பு அதனையும் கற்றுக்கொள்ளும். உடற்குறை, நிறம், சாதி, வறுமை, ஊர் என்பவற்றைத் தொட்டு வரும் பட்டங்களைக் கேட்ட இடத்திலேயே நிறுத்தவேண்டும்; அவை பகிடி என்ற பெயரில் வரும் இழிவு.

ஆதலின், மலர்க்குழுவினருக்கு என் வேண்டுகோள், பட்டப்பெயர்ப் பட்டியல் வேண்டா என்பது. அவ்விரண்டு பக்கங்களிலும் நம் வகுப்புகளின் பழைய இடாப்புகளில் உள்ளவாறே மாணவர் பெயர்களை முழுமையாக அச்சிடுக. பெற்றோர் இட்ட பெயரைக் கல்லூரியின் ஏட்டிலே ஒருமுறை பிழையின்றிக் காண்பது பலருக்கு விழாவினும் பெரிய விருந்தாகும். பட்டங்களை நண்பர்கள் தம்முள் இரவிருந்து பேசிச் சிரித்துக்கொள்ளட்டும். அச்சேறியது பேரப்பிள்ளைகள் கைக்கும் போய்ச் சேரும்.

கபிலனுக்கு விழா அழைப்பிதழை நானே கைப்பட முகவரி எழுதி அனுப்பியிருக்கிறேன். உறையின்மேல் முழுப்பெயரையும் எழுதினேன். வருவாரா என்பது தெரியாது. வந்தால் எங்கள் வகுப்பினர் அவரை எவ்வாறு அழைக்கவேண்டும் என்பதை ஒவ்வொருவருக்கும் சொல்லிவைத்திருக்கிறேன்.

பேரனின் பெயர் யாதென்று வாசகர் கேட்கக்கூடும். மருமகள் பூதன்தேவனை இன்னும் முற்றாக விலக்கிவிடவில்லை. தேவன் என்று வீட்டிலே அழைக்கலாமா என்று நேற்றுக் கேட்டாள். முப்பத்தொன்றாம் நாளுக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. அதற்குள் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவனைப் பிடித்துக் கேட்கவேண்டும்.